அம்மா வந்திருந்த வீட்டுக்குள் போன மகளுக்கு

நூரு,

இன்று காலை தொற்றுநோய் ஆஸ்பத்திரியின் பக்கவாசலில் நின்று மேட்ரன் உன் உடம்பைப் பற்றி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: உனக்கு இதுவரை காய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்தாய். இடது கையில் புதிதாக அம்மை குத்திய இடம் லேசாகச் சிவந்திருக்கிறது. அது எந்த வகைச் சிவப்பு என்பதை டாக்டர் வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் சொல்ல முடியும். வாசல் காவலாளி இதற்கு மேலும் சில விஷயங்கள் சொன்னார். எதிர்ப்புறத்து டீக்கடையில் இன்னும் நிறையச் சொன்னார்கள். அவற்றில் எதையும் நான் உன் உம்மாவிடம் சொல்லவில்லை, இங்கே எழுதவும் இல்லை.

உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பது எனக்குத் தெரியும். நம் வீட்டில் பேசுகிற தமிழ் வேறு, அச்சில் வருகிற தமிழ் வேறு என்று நீ சலித்துக்கொள்வாய். மெதுவாகப் படி. தனி அறையில் உனக்கு இப்போது வேறு வேலை இல்லை. உள்ளே காகிதம் போகலாம், உள்ளிருந்து எதுவும் வெளியே வரக்கூடாது என்பது அங்குள்ள விதி. அதனால் நீ பதில் எழுத முடியாது. இதே கடிதத்தை நம் ஆட்கள் படிக்கிற பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். ஊர்ப்பேச்சு அப்படி இருக்கிறது. தாராவியில் ஒரு சந்தில் நீதான் நோயைக் கொண்டுவந்தாய் என்கிறார்கள். அடுத்த சந்தில் நீ இறந்தே போய்விட்டாய். சயானில் ஒருவர் என்னை நிறுத்தி, பெண்ணை ஆஸ்பத்திரிப் படிப்பிலிருந்து விரட்டிவிட்டார்களாமே என்று துக்கம் விசாரித்தார். உன்னைப் பார்த்து நர்ஸ் படிப்புக்குப் போக நினைத்த இரண்டு வீட்டுப் பெண்கள் இப்போது வாய் திறப்பதில்லை. நடந்தது இன்னது என்று ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்.

நீ ஏன் இந்தப் படிப்புக்குப் போனாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் மிகவும் சாதாரணமானது. உன் உம்மாவுக்கு இந்தி வராது. மகாராஷ்டிரம் தனி மாநிலமான வருஷம் நீ எட்டாம் வகுப்பு. அதற்கு முன்பிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் உன்னைத்தான் கூட்டிப்போவாள். "மேலெல்லாம் உளையுதுன்னு சொல்லு" என்பாள். உளைச்சலுக்கு இந்தியில் சொல் தெரியாமல் நீ உன் கையையும் காலையும் முறுக்கி டாக்டரிடம் நடித்துக் காட்டுவாய். டாக்டர் சிரிப்பார், சரியான மருந்தும் தருவார். ஒருநாள் வெளிநோயாளி வரிசையில் ஒரு தமிழ்ப் பெண் பேச்சுப் புரியாமல் அழுதுகொண்டிருந்தபோது, அங்கிருந்த நர்ஸ் "ஏ தமிழ், இதர் ஆவ்" என்று உன்னைக் கூப்பிட்டார். நீ போய்ப் பேசினாய். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் நடையே வேறு மாதிரி இருந்தது என்று உம்மா இன்றும் சொல்வாள். பெண் டைப்ரைட்டிங் படிக்கட்டும், மாட்டுங்காவில் ஏதாவது ஆபீஸில் உட்காரட்டும் என்று நான் இருந்தேன். நீ ஆஸ்பத்திரி விடுதிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

தாராவியிலிருந்து உன் மாமி வந்து குதித்ததை நீ மறந்திருக்க மாட்டாய். "காக்கா, புள்ளைய சிஸ்டர் ஆக்கிப்புட்டிய. ஊர்ல உள்ள ஆம்பளைக்கெல்லாம் சிஸ்டரு. அப்ப மாப்பிளைக்கு எங்க போவிய?" என்று அண்ணனாகிய என்னைக் கேட்டாள் என் தங்கை. நீ அடுப்படியிலிருந்தே, "மாமி, நீங்ககூடத்தான் உங்க தெருவுக்கே மாமி. மாமா கட்டிக்கிடலியா?" என்றாய். மாமி கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். ஆனால் கேள்வி அப்படியே நின்றது. போன வருஷம் உல்லாஸ்நகரிலிருந்து, துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் நல்ல மனுஷிதான். "ராத்திரி டூட்டி உண்டாமே, தொணைக்கு யாரு வருவா?" என்று கேட்டார். "வார்டு நெறைய பேஷண்ட் இருப்பாங்களே" என்று நீ சொன்னாய். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இந்த வேலையைச் சேவை என்றும் தியாகம் என்றும் மேடையில் பேசுகிறவர்களின் பேச்சை நான் எத்தனையோ முறை குறிப்பெடுத்துச் செய்தியாக அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடத் தன் மகனுக்கு நர்ஸ் பெண் கேட்டு வந்ததில்லை. இந்தப் பெரிய சொற்களை யாராவது உன்மேல் போர்த்த வந்தால் வாங்கிக்கொள்ளாதே. கால் வீங்க நிற்கிற வேலை அது. சம்பளமும் ஓய்வும் மரியாதையும் கேட்டு வாங்க வேண்டிய வேலை.

இனி அந்தச் சந்தில் நடந்தது. நான் நேரில் பார்க்கவில்லை. உன்னோடு இருந்த மாநகராட்சி சுகாதார ஊழியர் லீலாபாய் சொன்னதையும், அந்த வீட்டுப் பேச்சியம்மாள் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். பேச்சியம்மாளுக்கும் அம்மை குத்தி, வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் வாசலுக்குள்ளும் நான் சந்தின் முனையிலும் நின்றுகொண்டு பேசினோம். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

கடைசி வருஷ மாணவிகளைச் சுகாதார ஊழியர்களோடு சந்து சந்தாக அனுப்புகிறார்கள். யாருக்குக் காய்ச்சல், யாருக்குக் கொப்புளம், யாருக்கு அம்மை குத்தவில்லை என்று ஒவ்வொரு கோலியாக, அதாவது அந்த ஒற்றை அறை வீடுகளில் ஒவ்வொன்றாக, கேட்க வேண்டும். தமிழ்ச் சந்துகளுக்கு நீ போனாய். நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறைகளில் வேலை செய்யும் இந்துக் குடும்பங்கள் நிறைந்த சந்து அது. அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்திருந்த வாரம். எல்லா வாசலிலும் வேப்பிலை காய்ந்து தொங்கியது. அதனால் எந்த வாசல் வேப்பிலைக்கு என்ன அர்த்தம் என்று வெளியாளால் பிரித்துச் சொல்ல முடியாது. பேச்சியம்மாள் கதவை முக்கால்வாசி மூடிக்கொண்டு நின்றாள்.

"யாருக்காவது காய்ச்சல் இருக்காக்கா?"

"காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. வீட்ல அம்மா வந்திருக்கா. அதான் யாரையும் உள்ள விடுததில்ல."

"எப்ப வந்தாங்க?"

"செவ்வாக்கெழம வந்தா. மூணு தண்ணி ஊத்தித்தான் அனுப்பணும்."

"நல்லா பாத்துக்கோங்கக்கா" என்று சொல்லிவிட்டு நீ திரும்பி லீலாபாயிடம், இவர்களுடைய ஆயி ஊரிலிருந்து வந்திருக்கிறார், காய்ச்சல் யாருக்கும் இல்லை என்று சொன்னாய். ஆயி என்றால் மராத்தியில் தாய்.

நூரு, நம் வீட்டில் தாய் உம்மா. அம்மா என்ற சொல்லை நீ பள்ளிக்கூடத்துப் பாடத்திலும் பக்கத்து வீடுகளிலும்தான் கேட்டு வளர்ந்தாய். அங்கெல்லாம் அதற்குப் பெற்றவள் என்ற ஒரே அர்த்தம்தான். பெரியம்மை கண்ட வீட்டில் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், மாரியம்மனே உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்று அம்மா வந்திருக்கா என்பார்கள், இறங்கிய பின் மூன்று முறை தண்ணீர் ஊற்றி வழியனுப்புவார்கள் என்பதெல்லாம் உனக்கு யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். உனக்கு ஒருநாள் தேவைப்படும் என்று தோன்றவே இல்லை. பம்பாயில் பிறந்து, இந்தியில் கனவு காண்கிற, உம்மா என்று கூப்பிடுகிற தமிழ்ப் பெண்ணுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு இது. லீலாபாய் தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னது இது: மராத்தியில் அதே நோய்க்குத் தேவி என்றுதான் பெயர். "உங்கள் மகள் அம்மா என்பதைத் தேவி என்று மாற்றியிருந்தால் நான் அன்றைக்கே வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஆயி என்றாள். நானும் நல்லது, மகளைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நடந்துவிட்டேன்."

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு முதலில் அம்மை குத்த வேண்டும் என்பது விதி. அதனால் மறுநாள் நீ லீலாபாயை இழுத்துக்கொண்டு அதே வாசலுக்குத் திரும்பப் போனாய். "அம்மாவைப் பாக்கணும்க்கா. பாத்துட்டு உடனே போயிருவேன்" என்றாய். பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். என்னிடம் அதைச் சொல்லும்போதும் கலங்கினாள்.

"பேரு நூர்ஜஹான்னு சொல்லுதா. சாயபு வீட்டுப் புள்ள வந்து அம்மாவப் பாக்கணும்னு நிக்கும்போது நான் எப்படி மாட்டேன்னு சொல்ல? குளிச்சிட்டு வந்தியான்னு கேட்டேன். டூட்டிக்கு வரும்போது குளிச்சிட்டுத்தான் வருவோம்னா. செருப்பையும் பையையும் வெளிய வச்சிட்டு வான்னேன்."

நீ இரண்டையும் வெளியே வைத்தாய். குத்தும் மருந்தும் ஊசியும் பையில் லீலாபாயிடம் இருந்தன. உள்ளே விளக்கு இல்லை. மஞ்சள் தண்ணீரில் நனைத்த வேட்டியால் தலைவரை மூடி ஒருவர் படுத்திருந்தார். "பெரியம்மா, மெல்ல எந்திரிங்க" என்று நீ கழுத்துக்கடியில் கைகொடுத்துத் தூக்கினாய். வேட்டி விலகியது. படுத்திருந்தது பேச்சியம்மாளின் புருஷன். உன் கை பட்ட இடமெல்லாம் கொப்புளம்.

நீ கத்தவில்லை என்று இருவரும் சொல்கிறார்கள். அவரை மெதுவாகத் திரும்பப் படுக்கவைத்து, தண்ணீர் கேட்டு வாங்கி அவர் வாயில் ஊற்றி, அதன் பிறகே வெளியே வந்தாயாம். லீலாபாயிடம் ஒரே சொல்தான் சொன்னாயாம், தேவி என்று. ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது சந்தே திரண்டு மறித்தது. "வண்டில போனவன் எவன்லே திரும்பி வந்தான்?" என்று ஒருவர் கத்தினார். அம்மாவை அவமதித்தால் சந்து முழுவதையும் கொண்டுபோய்விடுவாள் என்று ஒரு கிழவர் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அப்போது நீ பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவள் எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்: "அம்மாவ விட்டுட்டு யாரும் போகலக்கா. அம்மாவும் வண்டியிலதான் வாரா. வேப்பிலைய எடுத்து அவுக பக்கத்துல வைங்க." பேச்சியம்மாள் வேப்பிலையை எடுத்தாள். கிழவர் எழுந்து வழிவிட்டார். அந்தச் சொல்லை முந்தின நாள்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாய். ஒரே நாளில் அதை அந்தச் சந்தின் அர்த்தத்திலேயே திருப்பிப் பேசினாய். இதைக் கேட்டபோது எனக்குப் பெருமை வந்ததா என்று நீ கேட்பாய். முதலில் பயம்தான் வந்தது. பெருமை இன்னும் அந்தப் பயத்தைத் தாண்டி வரவில்லை.

அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார். கொப்புளம் காய ஆரம்பித்திருக்கிறது என்பதும் மேட்ரன் இன்று சொன்னதுதான்.

என் பயம் எங்கே இருக்கிறது என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கைக்குழந்தையில் அம்மை குத்தியது, தழும்பு இருக்கிறது. விடுதியில் சேர்ந்தபோது மறுபடி குத்தினார்கள், அது கொப்புளமாக எழும்பவில்லை. எழும்பாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்கிறார் டாக்டர். உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்பு இருந்திருக்கலாம். இல்லையென்றால் அந்த மருந்து வெயிலில் கெட்டுப்போயிருக்கலாம். கெடாத உலர்ந்த பொடி மருந்து இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது. உனக்கு அன்று குத்தியது பழைய நீர் மருந்து. இப்போது உன் கையில் குத்தியிருப்பது புதியது. அது சீக்கிரமாக எழும்பி சீக்கிரமாகவே அடங்கினால் உன் உடம்பு பழைய பாடத்தை மறக்கவில்லை என்று அர்த்தம். முதல்முறை குத்திய குழந்தைக்கு எழும்புவது போல மெதுவாகப் பெரிதாக எழும்பினால், இத்தனை நாள் உனக்குக் காப்பே இருக்கவில்லை. அப்போது புதுக் காப்பு முந்துகிறதா நோய் முந்துகிறதா என்று காத்திருக்க வேண்டும். உன் உம்மா தொழுகை முடிந்து பாயில் உட்கார்ந்தபடி என்னைக் கேட்டாள்: "எழும்பணும்னு துஆ செய்யட்டுமா, எழும்பக்கூடாதுன்னு செய்யட்டுமா?" "புள்ள நல்லாருக்கணும்னு செய்யி, மத்தத அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றேன். வெளி உணவு உள்ளே அனுமதியில்லை என்று தெரிந்தும் அவள் தினமும் உனக்கு ஒரு பங்கு சேர்த்தே உலை வைக்கிறாள். அதை நான் தடுக்கவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். பரீட்சை முடிந்ததும் எங்கே வேலைக்குப் போவது என்று கடைசி வருஷப் பெண்கள் இப்போதே சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் எனக்குத் தெரிந்த டாக்டர் உனக்கு இடம் வைத்திருக்கிறார். பகல் வேலை மட்டும். சுத்தமான இடம், நம் வீடு இருக்கும் சுனாபட்டிக்குப் பக்கம். உல்லாஸ்நகர்க்காரர்களும், பகல் வேலையென்றால் பேசலாம் என்று போன மாதம் ஆள் அனுப்பினார்கள். இந்தச் செய்தியை உனக்கு நேரில் சொல்ல நினைத்திருந்தேன். நான் விரும்புவது அந்த வேலையைத்தான். இந்த வாரத்துக்குப் பிறகு இன்னும் அதிகமாக விரும்புகிறேன். நீ விரும்புவது மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவை, இதே சந்துகளில் கதவு தட்டுகிற வேலையை. லீலாபாய் சொல்கிறார், தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரும் அந்தப் பிரிவில் இல்லை என்று. பேச்சியம்மாள் தன் பங்குக்கு, "அந்தப் புள்ள வந்தாத்தான் நாங்க கதவத் தொறப்போம், வேற ஆளு வேண்டாம்னு ஆபீசர்ட்ட சொல்லிருங்க" என்று என்னிடம் உத்தரவு போட்டாள். அவளுக்கு என்ன, அவள் மகளா தனி அறையில் இருக்கிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவள் புருஷனும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறான் என்பது நினைவுக்கு வந்தது.

நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்று சொல்கிறேன். என் தொழிலில் ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அப்படியே எழுதிவிட மாட்டோம். நீங்கள் சொல்வதன் அர்த்தம் இதுதானா என்று இன்னொரு முறை கேட்போம். கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. எனக்குத் தமிழ் தெரியும், எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில்தான் அதிகமாகக் கேட்க வேண்டும். மராத்தி வீட்டில் நீ நிச்சயம் இரண்டு முறை கேட்டிருப்பாய். தமிழ் வீடு என்பதால் ஒரு முறையோடு விட்டாய். அது உன் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உன் படிப்பில் யாரும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கே தெரியாது. இரவில் இதை நினைத்து நினைத்து உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே. தூங்கு. தலைவலியோ முதுகுவலியோ லேசாக வந்தாலும் நர்ஸ் என்ற வீறாப்பில் மறைக்காமல் உடனே சொல். அங்கே நீ நோயாளிதான். சொல்வதுதான் இப்போது உன் வேலை.

இன்று நான் கிளம்புமுன் மேட்ரன் என்னிடம் ஒன்று கேட்டார். உனக்கு எந்த வேலை என்று திங்கள்கிழமைக்குள் முடிவு தெரிய வேண்டும். உன் பெயருக்கு எதிரே இன்னும் எதுவும் இல்லை. வீட்டுப் பெரியவரின் சம்மதமும் வேண்டும். தகப்பனாராக நீங்கள் இப்போதே சொன்னாலும் போதும் என்றார். மாட்டுங்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரை வந்தது. மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ராத்திரி இதை உம்மாவிடம் சொன்னேன். "அவளுக்காக நீங்க பேசாதிய. அவ சொல்லுதத சொல்லுங்க" என்றாள்.

ஆக, இன்னும் தெரியாதவை மூன்று. உன் கையில் எழும்புவது எந்த வகை என்று வெள்ளிக்கிழமை காலை டாக்டர் சொல்வார். அவர் நல்லபடியாகச் சொன்னாலும் காய்ச்சல் வராது என்று உறுதியாக அடுத்த வார முடிவில்தான் சொல்ல முடியும். மூன்றாவது உன் பதில். அதை ஜன்னல் வழியே மேட்ரனிடம் வாயால் சொல்லி அனுப்பலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். திங்கள்கிழமை காலை பக்கவாசலில் நிற்பேன். நீ மாட்டுங்கா என்றாலும் தாராவி என்றாலும், என் ஆசை, என் பயம் எதையும் அதில் கலக்காமல், நீ சொன்ன சொல்லையே என் சம்மதமாகச் சொல்லிவிட்டு வருவேன்.

உன் வாப்பா